வாயைக் கட்டச் சொன்னவர்கள்

போன வாரம் நிர்மலா வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஓய்வு பெறும் வரை நான் உட்கார்ந்திருந்த மேசையில் இப்போது உட்கார்ந்திருக்கும் நர்ஸ் அவள். உடல் பருமன் சிகிச்சைப் பிரிவின் வாசலில் புதிதாக ஒரு பலகை வைத்திருக்கிறார்களாம். காய்கறிப் படங்களெல்லாம் போட்டு நடுவில் கொட்டை எழுத்தில் 'உங்கள் தட்டு, உங்கள் முடிவு' என்று இருந்தது. "எப்படி இருக்கு மேரி சிஸ்டர்? புதுசா சேர்ந்த பொண்ணுங்களுக்கு வகுப்பு வெக்கிறோம், நீங்க வந்து உங்க அனுபவத்தப் பேசணும்" என்று படத்தின் கீழே எழுதியிருந்தாள்.

வரமாட்டேன் என்று பதில் போட்டேன். மேடை ஏறினால் கத்திவிடுவேன். பிறகு, வயசானவளுக்குக் கோபம் அதிகம் என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எழுதினால் குறுக்கே யாரும் பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லவும் தேவையில்லை, இந்தக் கதை எந்த ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும்.

படித்த காலத்தைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. ஊசி போடக் கற்றுக்கொண்டோம், நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றக் கற்றுக்கொண்டோம், பெரிய டாக்டர் வந்தால் எழுந்து நிற்கக் கற்றுக்கொண்டோம். நான் உண்மையில் வேலை கற்றுக்கொண்டது குடிநோயாளிகள் வார்டில், தணிகாசலம் டாக்டரிடம்.

இந்த ஊரில் அந்த வார்டுக்கு என்ன கூட்டம் வரும் என்று சொல்ல வேண்டுமா? பக்கத்து மாவட்டத்துக்காரன் பஸ் ஏறி வந்து குடிக்கிற ஊர் இது. துணி மில் மூடிய பிறகு வேலை போன ஆண்கள் பாதிப் பேர் எங்கள் வார்டில்தான் ஒரு முறையாவது படுத்திருந்தார்கள். சேர்க்கும்போது நாங்கள் செய்வது ஒரே மாதிரிதான். முதலில் சோதனை: துண்டின் மடிப்பு, செருப்பு, தேங்காய் எண்ணெய் பாட்டில் எல்லாவற்றையும் பார்ப்போம். எண்ணெய் பாட்டிலில் எண்ணெய் இருப்பது அபூர்வம். பிறகு இரண்டு கையையும் நீட்டச் சொல்லி விரல் நடுக்கம் பார்ப்போம், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்போம். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் வைட்டமின் ஊசி போட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் மூளை பாதிக்கும். அதை மறந்த நர்ஸை தணிகாசலம் டாக்டர் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டுவார்.

பொறுமைசாலி இல்லை அவர். மூக்குப்பொடி போடுவார், சட்டையெல்லாம் பழுப்புக் கறை. நோயாளியைத் திட்டமாட்டார், ஆனால் நோயாளிக்குப் புத்தி சொல்ல வரும் சொந்தக்காரர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "புத்தி சொல்றதா இருந்தா வெளியில போயி செவுத்துகிட்ட சொல்லுங்க" என்பார். ஏன் குடிக்கிறாய் என்று அவர் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் கேட்கும் கேள்வி வேறு. "வேல முடிஞ்சி எந்த வழியா வீட்டுக்குப் போவ? வழியில எத்தன கடை இருக்கு?" மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் அந்த ஆளின் தெருவை வரைவார். பஸ்ஸிலிருந்து ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கச் சொல்வார், சந்து வழியாகப் போகச் சொல்வார், மனைவியை அந்தச் சந்து முனையில் வந்து நிற்கச் சொல்வார். மாத்திரையை விட அந்தப் படத்துக்கு அவர் அதிக நேரம் செலவழிப்பார்.

"இவனுக்கு பிரேக் புடிக்கல சிஸ்டர்" என்று என்னிடம் சொல்வார். "வண்டி ஓட்டுறவன் நல்லவனா கெட்டவனான்னு விசாரிச்சிகினு நிக்காதீங்க. எறக்கத்துல வுடாதீங்க, அவ்ளோதான். முடிவெடுக்குற வேலைய அவன் தலையில கட்டாதீங்க."

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் கலியமூர்த்தி. மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர், மில் மூடியபின் அடுக்குமாடி ஒன்றில் வாட்ச்மேன். ரெட்டியார்பாளையத்தில் வீடு. கூட வந்தவள் மனைவி செங்கேணி. அப்போது அவள் அப்படியொன்றும் குண்டாக இல்லை. அவளுடைய அண்ணனும் வந்திருந்தார். அவர்தான் பெரிய வழக்கறிஞர் மாதிரி பேசினார்.

"நோய் கீய்னுலாம் சொல்லாதீங்க சார். வருசா வருசம் ஐயப்பனுக்கு மாலை போடறாரு. அந்த ஒரு மண்டலமும் ஒரு சொட்டு தொடறதில்ல. மாலையைக் கழட்டுனா மறுபடி ஆரம்பிக்கிறாரு. அப்ப மனசு வெச்சா முடியுதில்ல? இது திமிரு சார்."

தணிகாசலம் டாக்டர் பொடியைப் போட்டுக்கொண்டு கேட்டார். "மாலையில இருக்கும்போது இவர யாராவது குடிக்கக் கூப்புட்டாங்களா?"

"சாமியப் போயி யாரு சார் கூப்புடுவாங்க?"

"இவரே போனாலும் கடைக்காரன் குடுப்பானா?"

"குடுக்க மாட்டான் சார். பாவமாச்சே."

"எப்ப எழுந்திரிக்கணும், என்ன கலருல வேட்டி கட்டணும், எங்க சாப்புடணும், எங்க படுக்கணும், அல்லாத்தையும் மாலையே சொல்லிடுச்சி. ஊரே சேந்து இவரப் புடிச்சிகினு இருந்திருக்கு. இவரு இன்னாத்த முடிவு பண்ணாரு? கழட்டுன அன்னிக்கி இவர யாரு புடிச்சிகினு இருந்தீங்க?"

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். செங்கேணி மட்டும் தலையை ஆட்டி, "நான் புடிச்சிக்கிறேன் டாக்டர்" என்றாள்.

அவள் சொன்னதைச் செய்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது குடும்பத்தாருக்கு நாங்கள் வழக்கமாகச் சொல்வதை அவளுக்கும் சொன்னோம். சாயங்காலம்தான் ஆபத்தான நேரம், அந்த நேரத்தில் பசியோடு விடாதே, வாய் கேட்கும்போது இனிப்பாக ஏதாவது கொடு, காரமாக ஏதாவது கொடு, வீட்டில் எப்போதும் தயாராக வைத்திரு. குடியை விட்டவர்களுக்கு இனிப்பின் மேல் ஒரு வெறி வரும், அது நல்லதற்குத்தான். கலியமூர்த்தி இரண்டு முறை சறுக்கினார், மூன்றாம் முறை நின்றுவிட்டார். வருடங்கள் ஓடின. வார்டுக்கு வரும்போதெல்லாம் எங்களுக்குப் பெருமையாக இருக்கும்.

தணிகாசலம் டாக்டர் ஓய்வு பெற்றுப் போனார், கொஞ்ச காலத்தில் இறந்தும் போனார். என்னை உடல் பருமன் பிரிவுக்கு மாற்றினார்கள். செவ்வாய்க்கிழமைதான் அங்கே கூட்டம். தலைமை டாக்டரை எல்லோரும் மேடம் என்போம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். கெட்டவர் இல்லை. நேரத்துக்கு வருவார், கையில் காசு வாங்கமாட்டார், புடவை மடிப்புக் கலையாது. தினமும் விடியற்காலையில் பீச் ரோட்டில் நடப்பார். அதை நோயாளிகள் ஒவ்வொருவரிடமும் சொல்லுவார்.

எடை பார்க்கும் மெஷின் வராந்தாவில் இருந்தது. மேடத்தின் மேசை அறைக்குள்ளே. அதனால் மெஷினில் ஆள் ஏறியதும் அட்டெண்டர் எடையைக் கூவுவார், மேடம் உள்ளே குறித்துக்கொள்வார். வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். பெண்கள் செருப்பைக் கழற்றுவார்கள், வளையலைக் கழற்றுவார்கள், ஒருத்தி தலையிலிருந்த பூவை எடுத்து என் கையில் கொடுத்தாள். நான் மெஷினை அறைக்குள் தூக்கிப் போட்டுத் திரை கட்டினேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அது பழைய இடத்திலேயே இருந்தது. "கூச்சம் இருந்தாத்தான் சிஸ்டர் குறைப்பாங்க" என்றார் மேடம். கூச்சத்தால் எடை குறையுமென்றால் இந்த ஊரில் எந்தப் பெண்ணும் குண்டாக இருந்திருக்க மாட்டாள்.

அந்த வரிசையில்தான் செங்கேணியைத் திரும்பப் பார்த்தேன். முதலில் அடையாளம் தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்த தழும்பு வழியாகக் குடல் பிதுங்கி அடிவயிற்றில் ஒரு தேங்காய் அளவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. இரவில் படுத்துக்கொண்டு அவளே கையால் அதை உள்ளே அமுக்கிவிடுவாளாம். அறுவை டாக்டர், எடையைக் குறைத்துக்கொண்டு வா, இந்தக் கொழுப்பில் தையல் நிற்காது என்று சொல்லி எங்களிடம் அனுப்பியிருந்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. குறைத்தால் நல்லதுதான். எப்படிக் குறைப்பது என்பதற்குத்தானே எங்கள் பிரிவு இருக்கிறது?

எங்கள் பிரிவு அவளுக்குக் கொடுத்தது ஒரு தாள். காலை இட்லி இரண்டு, மதியம் ஒரு கப் சாதம், இரவு சப்பாத்தி. அப்புறம் ஒரு வார்த்தை: வாயைக் கட்டு.

எடை குறையவில்லை. அடுத்த முறை கூடியிருந்தது. மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"சனிக்கிழம வெரதம் இருக்கியாமே?"

"ஆமாம்மா. பெருமாளுக்கு. அவரு குடிய வுட்டதுலேர்ந்து இருக்கிறேன்."

"பச்சத் தண்ணி கூட குடிக்காம இருப்பியா?"

"தண்ணி குடிப்பேம்மா. ராத்திரிதான் சாப்புடறது."

"அப்ப முடியுதில்ல? சாமின்னா முடியுது, டாக்டர் சொன்னா முடியல. உனக்கு மனசு இல்ல, அவ்ளோதான்."

அவளுடைய அண்ணன் பேசிய அதே பேச்சு, இந்தத் தடவை வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு. "மேடம், விரதத்தன்னிக்கி வாயில வெச்சா பாவம்னு ஊரே சொல்லும், யாரும் சாப்புடுன்னு சொல்ல மாட்டாங்க. மத்த நாள்ல அப்படி இல்லியே" என்றேன். "சிஸ்டர், இது குடிநோயாளிங்க வார்டு இல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வெளியே வந்தபின் செங்கேணி என்னிடம் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "வேணாம்னுதான் நெனைக்கிறேன் சிஸ்டர். நெனச்சிகினு இருக்கும்போதே கை போயிடுது. வாயில போட்டப்பறந்தான், அய்யோ வேணாம்னு இருந்தோமேன்னு வருது." குடிநோயாளிகள் வார்டில் இதே வாக்கியத்தை எத்தனை ஆண்கள் வாயால் கேட்டிருக்கிறேன்! அவர்கள் சொன்னபோது அதற்குப் பெயர் நோய். படுக்கை கொடுத்தோம், மாத்திரை கொடுத்தோம், தெருவை வரைந்து கொடுத்தோம்.

ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். நான் இருப்பதும் அந்தப் பக்கம்தான். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. வாழைக்காய் பஜ்ஜி. பக்கத்துத் தட்டில் ஏற்கெனவே போட்டு எடுத்தது. அலமாரியில் கடலை மிட்டாய் டப்பா, அதிரச டப்பா, ரொட்டிக் கடையில் வாங்கிய இனிப்பு பன். கலியமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள், எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது.

"என்ன செங்கேணி இது?" என்றேன்.

"நீங்க சொன்னதுதான சிஸ்டர்" என்றாள், கரண்டியால் பஜ்ஜியைத் திருப்பிக்கொண்டே. "சாயந்திரம் ஆனா அவரு வாய் சும்மா இருக்கக் கூடாதுன்னீங்க. அன்னியிலேர்ந்து ஒரு நாள் தவறல."

ஒரு நாள் தவறவில்லை! அத்தனை வருடமும், அவருக்கு ஆபத்தான நேரம் எதுவோ அந்த நேரத்தில் அவள் அடுப்படியில் நின்று, எண்ணெய் வாசனையில் நின்று, சுட்டுச் சுட்டு வைத்திருக்கிறாள். அவருடைய வழியிலிருந்து கடையை அப்புறப்படுத்தினோம். அந்தக் கடையைக் கொண்டுபோய் அவளுடைய சமையலறையில் வைத்து, அவளையே கல்லாவில் உட்கார வைத்துவிட்டு, வாயைக் கட்டு என்று சொல்கிறோம். இதை எந்த டாக்டரும் யோசிக்கவில்லை. யோசிக்க அங்கே ஒரு நோயாளிதானே இருந்தார், கூட வந்தவளை யார் பார்த்தார்கள்?

"இதையெல்லாம் நிறுத்தேன்" என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நிறுத்திட்டு, அவரு மறுபடி போயிட்டாருன்னா? அந்தக் காலத்துல நான் பட்டது உங்களுக்குத் தெரியாது சிஸ்டர். எனக்கு வயிறு தள்னா தள்ளட்டும்."

கலியமூர்த்தியிடம் கேட்டேன். கொஞ்ச நாளைக்குச் சாயங்காலப் பலகாரத்தை வெளியே டீக்கடையில் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் இன்னா அவ வாயில ஊட்டியா வுடறேன்? எனக்குப் போடறா, அவளும் துன்றா. கட்டுப்பாடு வேணும் சிஸ்டர் மனுசனுக்கு" என்றார். கட்டுப்பாடு! யாருடைய கட்டுப்பாட்டில் அவர் நிற்கிறார் என்பது அந்த மனுஷனுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

மறு செவ்வாய்க்கிழமை மேடத்திடம் கேட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால் சில வாரம் அவளை வார்டில் சேர்த்துக்கொள்ளலாம், ஆஸ்பத்திரிச் சாப்பாடு, அடுப்பு கிடையாது, டப்பா கிடையாது, எடை இறங்கியதும் அப்படியே அறுவைக்கு அனுப்பிவிடலாம் என்றேன். மேடம் சிரித்தார். "வாயக் கட்டத் தெரியாதவங்களுக்கெல்லாம் பெட் குடுக்கணும்னா பீச் வரைக்கும் பெட் போடணும் சிஸ்டர்." அறுவை டாக்டரிடம் போனேன். உங்கள் பிரிவு சிபாரிசு செய்தால் சேர்க்கிறேன் என்றார். திரும்ப மேடத்திடம் போனேன். "எத்தன தடவ கேப்பீங்க?" என்றார். இரண்டு கதவுக்கும் நடுவே நான் நடந்ததுதான் மிச்சம்.

அந்த ஆண்டு போதை ஒழிப்பு விழிப்புணர்வுக்காக மருத்துவமனை அரங்கில் கூட்டம் நடத்தினார்கள். குடியை விட்டவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கலியமூர்த்தியும் மேடையில் இருந்தார். மைக்கைக் கையில் கொடுத்ததும் நன்றாகத்தான் பேசினார். விழுந்து கிடந்த கதை, வார்டு, தணிகாசலம் டாக்டர், எல்லாம் சொன்னார். கடைசியில் கை தட்டல் பழகிப்போய், வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவியைக் காட்டினார்.

"நான் குடியவே வுட்டுட்டேன். என் வூட்டுக்காரியப் பாருங்க, அவளால பஜ்ஜிய வுட முடியல."

அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் மேடமும் சிரித்தார், கை கூடத் தட்டினார். செங்கேணியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவளை நான் பார்த்தேன். எழுந்து மைக்கைப் பிடுங்கியிருப்பேன், எனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், நான் வெளியே வருவதற்குள் தேசிய கீதம் போட்டுவிட்டார்கள்.

அதன்பின் செங்கேணி செவ்வாய்க்கிழமைகளில் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். "வராண்டாவுல ஏறி நிக்க என்னால முடியாது சிஸ்டர். எல்லாருக்கும் என்னத் தெரிஞ்சிபோச்சி" என்றாள். நான் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், குத்துவிளக்கு கொடுத்தார்கள்.

சில மாதங்களில் நிர்மலாதான் போன் செய்தாள். செங்கேணிக்குப் பிதுங்கிய குடல் உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டது. வாயு என்று நினைத்துச் சோடா குடித்துப் படுத்திருக்கிறாள். வாந்தி நிற்காமல், வயிறு கல்லாகி, ஆட்டோவில் கொண்டுவந்திருக்கிறார்கள். வந்ததும் ஆபரேஷன். ஆம், அதே எடையில். எடை குறைந்தால்தான் கத்தி வைப்போம் என்றவர்கள், அவள் சாகக் கிடந்தபோது ஒரு கிலோ கூடக் குறையாமலே கத்தி வைத்தார்கள். அழுகிய குடலை வெட்டி எடுத்தார்கள். அந்த அறுவை டாக்டரை நான் குறை சொல்லமாட்டேன், விடிய விடிய நின்று செய்திருக்கிறார். அதை வசதியாக, பகல் வெளிச்சத்தில், குடல் நல்லபடியாக இருக்கும்போது செய்ய வழியிருந்தது. அந்த வழியை மறித்து உட்கார்ந்தவர்கள் நாங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்வையாளர் நேரத்தில் போய்ப் பார்த்தேன். வாயில் குழாய், கண் மூடியிருந்தது. சீழ் இரத்தத்தில் பரவிவிட்டது. நான் நிற்கும்போதே மேடம் மாணவர்களோடு சுற்றுக்கு வந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அவர்களிடம் சொன்னார். "ஒத்துழைக்காத பேஷண்ட். எத்தனையோ முறை சொன்னோம்." ஒரு பையன் அதைக் குறித்துக்கொண்டான். "சொன்னீங்க மேடம். சொன்னதத் தவிர என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். குரல் எழும்பிவிட்டது. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று காவலாளி என்னை வெளியே போகச் சொன்னார்.

செங்கேணி பிழைக்கவில்லை.

ரெட்டியார்பாளையம் வீட்டுக்குப் போனபோது தெருவில் சாமியானா போட்டிருந்தார்கள். சாவு வீடென்றால் எங்கள் ஊரில் ஒரு பக்கம் பாட்டில் உடையாமல் இருக்காது, ஆனால் அன்றைக்கு அந்தத் தெருவில் ஒரு பாட்டில் இல்லை. மேளக்காரர்களுக்குக் கூட சரக்கை இரண்டு தெரு தள்ளி வைத்துக் கொடுத்தார்களாம். கலியமூர்த்தியைச் சுற்றி ஆட்கள். செங்கேணியின் அண்ணன் ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம், அவரோடு குடியை விட்ட நண்பர்கள் நாலைந்து பேர் எதிரில். அவர் கழிவறைக்கு எழுந்தால் இரண்டு பேர் கூடப் போனார்கள். ஒருவர் டீ கொண்டுவந்து கொடுத்தார், இன்னொருவர் பிஸ்கட்டைப் பிரித்து நீட்டினார். வந்தவர்களெல்லாம் அவர் காதில், "தெம்பா இருப்பா, வேற எதுவும் நெனைக்காத" என்றார்கள். ஒரு மனிதனை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று இவர்கள் எல்லோருக்கும் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

உள்ளே அவள் ஐஸ் பெட்டியில் இருந்தாள். பக்கத்தில் பெண்கள் மூன்று பேர்.

என்னைக் கண்டதும் கலியமூர்த்தி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பயப்படாதீங்க சிஸ்டர்" என்றார். "சத்தியமா சொல்றேன், இன்னிக்கும் குடிக்க மாட்டேன்."

என் கையை விடுவித்துக்கொண்டேன்.

"நான் உங்களுக்காக வரல கலியமூர்த்தி" என்றேன். "தள்ளுங்க, அவளப் பாக்கணும்."